வெந்நீரில் ஊறிய நெற்று

குளத்தைச் சுத்தம் பண்ணி முடித்த கையோடு ஊர் ஆட்டைத் தள்ளி வைத்தது.

அகரத்துக்குக் கிழக்கே செங்குளத்துப்பட்டியில் அந்த ஆடி மாதம் முழுக்க இதே பேச்சுதான். ஊர்க்காரர்களுக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தக் குளத்தில் தண்ணீரை விடச் சீமைக்கருவேலம்தான் அதிகம். வழிதவறி உள்ளே போன மாடு உடம்பெல்லாம் கீறலோடுதான் வெளியே வரும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, ஊரில் குளம் மீட்புக் குழு என்று ஒன்றை உண்டாக்கி, மாசியில் இரண்டு பெரிய இயந்திரங்களை உள்ளே இறக்கியது. மரங்களை வேரோடு பிடுங்கி லாரி லாரியாக ஏற்றி அனுப்பினார்கள். குளம் வழித்த சட்டி மாதிரி ஆனது. ஊரே கரையில் நின்று கைதட்டியது. வைகாசிக் கடைசியில் நல்ல கோடை மழை ஒன்று பெய்தது. தண்ணீர் வற்றிய இடமெல்லாம் பச்சை பிடித்தது. புல் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் வாயில் வந்ததைப் பேசிக்கொண்டு திரும்பினார்கள். அத்தனையும் சீமைக்கருவேலங்கன்று. அதுவும் ஆட்டுப் புழுக்கை கிடந்த இடங்களில் கொத்துக் கொத்தாக.

ஊரில் கிடை ஆடு வைத்திருந்தது பெருமாள்சாமி வீடு ஒன்றுதான். ஒரே வீடு என்பதால் தீர்மானம் போடுவது சுலபமாக இருந்தது.

அறுப்பு முடிந்த புன்செய்க் காட்டில் வலை கட்டி, இரவில் செம்மறிகளை அதற்குள் அடைப்பதுதான் கிடை. மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த பாகத்தில் கட்டுவார்கள். இப்படியே நகர்த்தி நகர்த்திக் காடு முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்ததும் உழுதுவிட்டால், அந்த வெள்ளாமைக்கு உரக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பெருமாள்சாமிக்கும் அவர் மனைவி மாயம்மாளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பிழைப்புதான். வேறு பிழைப்பு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

கூட்டம் குளத்தங்கரையில் வேப்பமரத்தடியில் நடந்தது. குழுவின் தலைவர் மதியழகன். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அகரத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறவன். கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கிவிட்டால் குறுக்கே யார் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாத ஆள்.

"அண்ணே, ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே ஆடு கொளத்துக்குள்ள எறங்கக் கூடாது. ஊர்ல எவன் காட்டுலயும் கெட போடக் கூடாது. குழுவுல முடிவு பண்ணிட்டோம்."

"அப்ப ஆட்ட எங்கிட்டுக் கொண்டு போயி நிறுத்த? ஒன் வீட்டு மொட்டமாடியிலயா?" என்றார் பெருமாள்சாமி.

"எங்கிட்டு வேணா நிறுத்துங்க. புழுக்கையில வெத இருக்கு. நாங்க இம்புட்டுச் செலவழிச்சுப் புடுங்குனத நீங்க நடந்து நடந்து வெதச்சுக்கிட்டே வாரீங்க."

"ஏலே மதி, ஒங்கப்பன் காட்டுல நான் கெட போட்டேம்ல. அந்த வெங்காயத்துலதான ஒன்னயப் படிக்க வச்சான்? அப்ப என் ஆட்டுக்கு வெத இல்லையா?"

 இதற்குப் பதில் சகாயசெல்வியிடம் இருந்தது. அவள் அந்தத் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். மாலைப்பட்டிப் பக்கத்துப் பெண். ஸ்கூட்டியில் வெயில் பாராமல் ஊர் ஊராகச் சுற்றுகிறவள்.

"பெரியப்பா, அப்ப நீங்க நெத்து போட்டுருக்க மாட்டீங்க. காட்டுல மேஞ்சிருக்கும். இப்ப மூட்ட மூட்டயா நெத்து போடுறீங்கள்ல? அந்த நெத்துக்குள்ள இருக்க வெத ஆட்டு வயித்துல சாகாது. வெளிய வந்து நல்லா மொளைக்கும்."

பெருமாள்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நெற்று பொறுக்கியது அவள்தான். சித்திரை வெயிலில் ஒரு வரப்பிலும் புல் இல்லாதபோது, நாலுவழிச் சாலையோரமும் ரயில் தண்டவாளத்தை ஒட்டியும் உதிர்ந்து கிடந்த சீமைக்கருவேல நெற்றை, அந்த முற்றிய காய்களை, சாக்குச் சாக்காகக் கூட்டி அள்ளி வந்து வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மஞ்சளாக, இனிப்பாக, ஆடு விழுந்து விழுந்து தின்னும். வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் ஆடு எலும்பாகத் தெரிந்த கோடையில் அவள் ஆடுகள் முதுகு நிரம்பி நின்றன. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கர்வத்தைத்தான் இந்தப் பெண் இப்போது எல்லார் முன்னாலும் எடுத்து வைத்தாள்.

"இதுக்கு வழியே இல்லையா தாயி?" என்று கேட்டாள் மாயம்மாள்.

"இருக்கு பெரியம்மா. நெத்த மாவா அரைச்சுப் போடுங்க. வெத நசுங்கிரும், பிரச்சினையே இல்ல. எங்க ஆபீஸ்ல அதுக்குன்னே மிஷின் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வெதய ஒழிச்சுட்டு வாங்க. ஆவணியில பேசிக்கிருவோம்" என்றான் மதியழகன். "இல்லேன்னா வித்துருங்கண்ணே. அய்யலூர்ச் சந்தைக்குக் கொண்டு போனா நிக்கிறதுக்குள்ள போயிரும், இந்த ஆடு."

அன்று வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். பெருமாள்சாமி களியை உருட்டி உருட்டி வைத்தாரே தவிர வாயில் போடவில்லை.

"விக்கிறதாம்ல. எம்புட்டு லேசாச் சொல்லிட்டான் பாத்தியா."

"யாரு விக்கப் போறா? சாப்புடுங்க. நாளைக்கு நான் திண்டுக்கல்லு போயி அரைச்சுட்டு வாரேன்."

"ஒரு சாக்க அரைச்சுட்டு வந்துருவ. வீடு நெறைய சாக்கு கெடக்கே?"

"ஒரு சாக்கு அரையட்டும் மொதல்ல."

தலைச்சுமையாக ஒரு சாக்கு நெற்றோடு அவள் பேருந்தில் ஏறினாள். உள்ளே என்ன என்று நடத்துநர் கேட்டார். நெற்று என்றதும், இதற்கெல்லாமா லக்கேஜ் போடுவது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. ஆனந்த்ராஜ் என்று ஒரு பையன், கண்ணாடி போட்டவன், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். செல்வி பெயரைச் சொன்னதும் இன்னும் மரியாதையானான். கீழே கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். இயந்திரம் இருந்தது. பச்சை வண்ணம் கூட மங்கவில்லை. கழுத்தில் காய்ந்து சருகான மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம்.

"தெறப்பு விழா அன்னைக்கு ஓட்டுனோம்மா. அன்னைக்கே உள்ள பிளேடு ஒடைஞ்சு போச்சு. கம்பெனிக்கு எழுதிருக்கோம்."

"எப்ப வரும் தம்பி?"

"அந்தத் திட்டமே முடிஞ்சுருச்சும்மா. அடுத்த திட்டத்துல சேத்துக் கேட்டுருக்கோம்."

மாடிக்குத் திரும்பி வந்தார்கள். அவளை வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. அது பார்த்தாலே தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினான். நடுவில் ஒரு சீமைக்கருவேல மரம், அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பெயர்கள். அயல் தாவரங்களை ஒழிக்கப் பாடுபடுகிற அமைப்புகளாம். பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம், வனம், வேளாண்மை, கால்நடை, டெல்லியில் ஒன்று, வெளிநாட்டில் சில. உண்ணிச்செடிக்கு ஒருவர், ஆகாயத்தாமரைக்கு ஒருவர், பார்த்தீனியத்துக்கு ஒருவர். எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னான். எல்லாரும் நல்லவர்கள், போன் செய்தால் பேசுவார்கள் என்றான்.

மாயம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். சும்மாடைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இம்புட்டுப் பேரு இருக்கீகளே அப்பு. எல்லாருமாச் சேந்து அந்த மிஷினுக்கு ஒரு பிளேடு வாங்கிப் போட்ரக் கூடாதா?"

அவன் சிரிக்கவில்லை. சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டான்.

வந்தது வந்தோம் என்று பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாவு மில்லில் நுழைந்தாள். மில்லை நடத்திய ஷாஹினா என்கிற பெண் நெற்றைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள், ஒடித்துப் பார்த்தாள். ஆட்டுக்குத்தானே, போட்டுப் பார்ப்போம் என்று ஒரு கை அள்ளி மில்லின் வாயில் போட்டாள். கடகடவென்று கொஞ்ச நேரம் ஓடிய மில் முனக ஆரம்பித்தது. வெல்லம் தீய்கிற வாசனை வந்தது. ஷாஹினா ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அய்யய்யோ, பாகு மாதிரி அப்பிக்கிச்சேக்கா! அடுத்து யாராச்சும் கேப்பை அரைக்க வந்தா நான் என்ன செய்வேன்?"

திருப்புளியை வைத்து இருவரும் வெகுநேரம் சுரண்டினார்கள். உள்ளே விதைகள் அப்படியே முழுசாக இருந்தன. சதைதான் நசுங்கியிருந்தது. ஷாஹினா கோபப்படவில்லை, டீ வாங்கித் தந்தாள். அதுவே மாயம்மாளுக்குத் தாங்கவில்லை. ஒரு வசவு வாங்கியிருந்தால் கூட மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

திரும்பி வரும் பேருந்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தாடிக்கொம்பு தாண்டி ஒரு களத்தில் நெல் அவித்துக் காயப் போட்டிருந்தார்கள். புழுங்கல் நெல்லை விதைக்க முடியுமா? முடியாது. அவித்த நெல் முளைத்ததாக உலகத்தில் எவனும் சொல்லிக் கேட்டதில்லை. வெந்த விதை செத்த விதை. இதற்குப் போய் மிஷின் எதற்கு, டெல்லி எதற்கு? அவள் தன்னை அறியாமல் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் நெல் அவிக்கிற பெரிய அண்டா ஒன்று உண்டு. அதில் நெற்றைப் போட்டு அவித்துப் பார்த்தாள். ஒரு அண்டா வேக அரை நாள் ஆனது. நாற்பது ஆட்டுக்கு அது எந்த மூலைக்கு? விறகுக்கும் வழியில்லை. விறகென்று அந்த ஊரில் எரித்ததெல்லாம் சீமைக்கருவேலம்தான். அது லாரி ஏறிப் போய்விட்டது. ஆகவே வேறு விதமாகச் செய்தாள். பருத்திக்கொட்டை ஊறப் போடுகிற பிளாஸ்டிக் பீப்பாயில் நெற்றைக் கொட்டி, அண்டாவில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து அதன் தலையில் ஊற்றி, கோணிப்பையைப் போட்டு மூடி, விடிய விடிய ஊறவிட்டாள். காலையில் திறந்தால் நெற்று உப்பிப் பழுப்பாகி, பதநீர் மாதிரி ஒரு வாசனை. ஆடுகள் தண்ணீரைக்கூட விட்டு வைக்காமல் நக்கின.

அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. சோதித்தும் பார்த்தாள். ஊறிய நெற்றில் ஒரு பிடி எடுத்து உடைந்த பானையில் மண் போட்டுப் புதைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தாள். ஆடி முடிகிற வரைக்கும் ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெருமாள்சாமி முன்னால் வைத்தாள்.

"பாத்தீகளா? செத்துப் போச்சு."

அவர் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வெகுநாள் கழித்துச் சிரித்தார். "ஏ புள்ள, ஒன்னயப் போயி அந்தப் படத்துல ஒரு வட்டத்துல போடச் சொல்லணும்."

இனி ஒரு காடு வேண்டும். குழு என்ன சொல்லுமோ என்று யாரும் கூப்பிடவில்லை. மாயம்மாள் அய்யம்மாளைத் தேடிப் போனாள்.

அய்யம்மாளுக்குக் குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் காடும் ஒரு கிணறும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கோயம்புத்தூரில் மில் வேலை. தனியாகச் சின்ன வெங்காயம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக வெங்காயம் திரளவில்லை. உரம் போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாயம்மாளோடு அவளுக்குப் பழக்கம் இன்று நேற்றல்ல. கிடை போடுகிற நாட்களில் இருவருக்கும் ஒரே சட்டிச் சோறுதான்.

"வெந்நி ஊத்துனா சாகுமா மாயி? நெசமாத்தான் சொல்லுறியா?"

"அவிச்ச நெல்லு மொளைக்குமாக்கா? நீயே சொல்லு."

"மொளைக்காதுதான்."

"பானையில போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணு வரலக்கா. ஒன் காட்டுல போயி நான் முள்ளப் போடுவனா?"

அய்யம்மாள் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி உதிர்த்தாள். "எனக்கும் வேற வழி இல்லடி. இந்த வருசமும் வெங்காயம் கோலிக்குண்டாட்டம் வந்துச்சுன்னா, மகன் காட்ட வித்துட்டு வரச் சொல்லிருவான். அங்கிட்டுப் போயி லைன் வீட்டுல நான் ஒக்காந்திருக்கவா?"

இருவரும் சேர்ந்தே மதியழகன் கடைக்குப் போனார்கள். அந்த வாரம் பார்த்து சகாயசெல்வி ஊரில் இல்லை. பயிற்சி என்று கோவைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் கதை அன்றைக்கே வேறு மாதிரி திரும்பியிருக்கும். மதியழகன் குழாய் வெட்டிக்கொண்டே கேட்டான்.

"அரைச்சதா?"

"அவிச்சது தம்பி. வெத செத்தாச் சரிதான?"

"எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதுக்கா. நாளைக்கு மொளைச்சா யாரு பொறுப்பு?"

மாயம்மாள் வாயைத் திறக்கும் முன் அய்யம்மாள் சொன்னாள்: "என் காடு. நாந்தான் பொறுப்பு."

"மொளைச்சா, காடுகளுக்குக் கொளத்து வண்டல் மண்ணு அடிக்கிற வரிசையில ஒங்க பேர எடுத்துருவோம். அப்பறம் என்னயச் சொல்லக் கூடாது."

"எடுத்துக்க."

ஆவணி முழுக்கக் கிடை நடந்தது. பெருமாள்சாமி வலை ஓரத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். காலையில் வலையைப் பிடுங்கி நகர்த்தும்போது மண்மேல் கருகருவென்று புழுக்கை விரித்தது போலக் கிடக்கும். அய்யம்மாள் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கம்பங்கூழும், வெஞ்சனத்துக்கு வறுத்த மோர் மிளகாயும் கொண்டு வருவாள். மூவரும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து குடிப்பார்கள். ஊரில் சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். மாயம்மாளுக்கு அது உறைக்கவே இல்லை. அந்த மாதம் அவள் நன்றாகத் தூங்கினாள்.

காடு உழுதாயிற்று. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாத மழை. எட்டாம் நாள் வெயில் அடித்தது. பாத்தி பிடிக்க எப்போது ஆள் விடுவது என்று கேட்க மாயம்மாள் அய்யம்மாள் காட்டுப் பக்கம் போனாள். அய்யம்மாள் அங்கே இல்லை.

காட்டு ஓரத்தில் நின்றவள் முதலில் கீரை என்றுதான் நினைத்தாள். இறங்கிக் குனிந்து பார்த்தாள். தடித்த இரண்டு விதையிலை, நடுவில் சீப்புப் பல்லாக விரிந்த சின்ன இலை. ஒன்றைப் பிடுங்கினாள். வேர் விரல் நீளம். இன்னொன்றைப் பிடுங்கினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். குளத்துக்குள் கொத்துக் கொத்தாகத்தான் வந்திருந்தது, இங்கே பாவியது போல வந்திருந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெருமாள்சாமி வந்து பார்த்தார். சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னும் எவனும் பாக்கல. ஆட்ட ஓட்டிக்கிட்டு ஆத்தூர்ப் பக்கம் போயிருவோம். அங்கிட்டு நம்மள யாருக்குத் தெரியும்? டேம் ஓரம் மேய்ச்சலும் இருக்கு."

"அய்யம்மாக்கா?"

"அவ நாலு ஒழவு ஓட்டி அழிச்சுக்கிருவா."

"பொறுப்புன்னு சொன்னவ அவ. நம்ம பேச்சக் கேட்டுச் சொன்னவ."

"அதுக்கு? ஆட்ட விட்டுட்டு நம்ம என்ன மண்ணவா திங்க?"

"போறதுன்னா நீங்க போங்க. நான் அவகிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன்."

அவர் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அப்படி அவள் பார்த்ததே கிடையாது. ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வந்தது.

அய்யம்மாளிடம் அவளே போய்ச் சொன்னாள். அய்யம்மாள் கத்தவில்லை. விதை வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள். பார்த்தாள். "அவிச்சது மொளைக்காதுன்னியேடி" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மாயம்மாளிடம் பேசவில்லை.

சாயங்காலம் சகாயசெல்வி வந்தாள். மதியழகனும் குழு ஆட்களும் வரப்பில் நின்றார்கள். மாயம்மாள் பீப்பாய், வெந்நீர், கோணிப்பை என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேட்கக் கேட்கச் செல்வியின் முகம் மாறியது.

"பெரியம்மா, நல்லா வேக வச்சிருந்தா செத்திருக்கும். கொதிக்கிற தண்ணிய மேல ஊத்தி ஆற விட்டீங்கன்னா..." அவளுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. "நர்சரியில வேல மரத்து வெதய அப்பிடித்தான் மொளைக்க வைப்பாங்க. மேல இருக்க ஓடு கல்லு மாதிரி இருக்கும். வெந்நி பட்டாத்தான் அது எளகும்."

"பானையில மொளைக்கலையே தாயி?"

"நெத்தோட பொதச்சிருப்பீங்க. சதையும் தோலும் மூடியிருந்தா சீக்கிரம் வராது. ஆடு தின்னு, சதையெல்லாம் போயி, வெத தனியா விழுந்தா வந்துரும்."

மதியழகன்கூடத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? அவளுடைய அண்டாவும் அவளுடைய விறகும் அவளுடைய தூக்கமும் போட்டு, ஒரு காட்டுக்குத் தேவையான முள்ளை அவளே பக்குவம் பார்த்து விதைத்திருக்கிறாள். செல்வி அவள் தோளைத் தொட்டாள். "நான் அன்னைக்கே தெளிவாச் சொல்லிருக்கணும் பெரியம்மா" என்றாள். மாயம்மாள் மெல்ல அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

வண்டல் அடிக்கிற வரிசையில் அய்யம்மாள் பெயரை எடுத்துவிட்டார்கள். சொன்ன சொல் சொல்லாம். கிடைக்கு இனி அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இடமில்லை என்று முடிவானது. பக்கத்து ஊர்க் குளங்களிலும் அதே நிறுவனம்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஆத்தூர்ப் பேச்சைப் பெருமாள்சாமி திரும்ப எடுக்கவில்லை.

வியாழக்கிழமை விடிகாலையில் ஆடுகளை அய்யலூர்ச் சந்தைக்கு வண்டி ஏற்றினார்கள். சந்தையில் ஆடும் ஆளும் இரைச்சலும் புழுதியும். ஒரு வியாபாரி வந்து ஆட்டின் முதுகில் கையை அழுத்திப் பார்த்தார். வாலடியைப் பிடித்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"இந்த வருச வறட்சியில இப்பிடி ஆடா! என்ன தீனி போட்டீங்க பெரியவரே?"

பெருமாள்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியாபாரி மாயம்மாளைப் பார்த்தார்.

"நெத்து" என்றாள் அவள்.

"அதான பாத்தேன். நெத்து தின்ன கறி தனியாத் தெரியும்ல."

துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். மதியழகன் சொன்னது போலவே நிற்கிறதுக்குள் போய்விட்டது. ஆடுகள் வியாபாரியின் வண்டியில் ஏற மறுத்தன. மாயம்மாள் முன்னால் போய் "ப்பா, ப்பா" என்று நாக்கைச் சுண்டிக் கூப்பிட்டதும் அவள் குரலுக்கு வரிசையாக ஏறின. அவள் அழுதாள். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் அவளுக்கு இல்லை. வாய்விட்டே அழுதாள்.

ஐப்பசியில் கன்று பிடுங்க ஆள் வேண்டும் என்று சகாயசெல்வி வீட்டுக்கு வந்தாள். வேர் ஆழம் போவதற்குள் குளத்திலும் கீழ்க்காடுகளிலும் ஒரு கன்று விடாமல் கையால் பிடுங்க வேண்டுமாம். தினக்கூலி, கையுறை, மதியம் தக்காளிச் சோறு. பெருமாள்சாமி கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாயம்மாள் போனாள். போகாமல் என்ன செய்வது? அடுப்பு எரிய வேண்டும்.

பத்துப் பதினைந்து பெண்கள் குளத்துக்குள் குனிந்து நின்றார்கள். மற்றவர்கள் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். மாயம்மாள் தேடவில்லை. நேராகப் போய் நின்றாள், குனிந்தாள், பிடுங்கினாள். மற்றவர்களுக்கு ஒரு கூடை நிறையும்போது அவளுக்கு மூன்று நிறைந்தது.

"ஒங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா கண்ணு முன்னால வந்து நிக்கிது?" என்று ஜீவிதா கேட்டாள். வேலைக்குப் புதிதாக வந்த பெண்.

"எங்க ஆடு நடந்த தடம் எனக்குத் தெரியாதாக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அது உண்மைதான். மடையோரம் தண்ணீர் காட்டிய இடம், மத்தியானம் படுக்கப் போட்ட இடம், குட்டி ஈன்ற இடம் எல்லாவற்றிலும் கன்று நின்றது. அங்கிருந்து ஒரு கோடாகக் கரையேறி, மறுபக்கம் இறங்கி, வண்டிப்பாதையைத் தாண்டிப் போனது. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே அந்தக் கோட்டோடு போனாள். இத்தனை வருஷம் முன்னால் இவள் நடக்க, பின்னால் ஆடு வந்த பாதை. நிமிராமல் போனவள் கோடு நின்ற இடத்தில் நிமிர்ந்தாள். அய்யம்மாள் காடு.

வெங்காயம் நட்டிருந்தது. தாள்களுக்கு நடுவே திரும்பவும் அந்தக் கன்றுகள் எட்டிப் பார்த்தன. அய்யம்மாள் பாத்திக்குள் தனியாகக் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கை. விரல்களில் துணி சுற்றியிருந்தது.

மாயம்மாள் வேலி ஓரத்திலேயே நின்றாள். அந்தக் காட்டுக்குள் இறங்க அவள் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

"அக்கா, உள்ள வரவா?"

அய்யம்மாள் தலையைத் தூக்கினாள். அவளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால், கரை வரைக்கும் பார்த்தாள்.

"ஆடு இல்லைல்ல?" என்றாள். "வா."

மாயம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள்.